பிரசவத்துக்கு முன்னேற்பாடு: மர்யம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் செய்து கொடுத்தவை

 



சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு இளைஞர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், வீட்ல இது ஒன்பதாவது மாசம். நல்லபடியா பிரசவம் ஆக ஏதாவது ஓதித் தாங்க" என்றார். ஓதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறீங்க? இரத்தம் எவ்வளவு இருக்குன்னு சொன்னாங்க? என்ன இரத்த வகை?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் உம்மாவுக்குத்தான் தெரியும் ஹஜ்ரத்" என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. காரணம், ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நின்றேன்.

என் முதல் பிள்ளை பிறந்தபோது நான் வேறொரு ஊரில் இமாமாக இருந்தேன். அரபிக் கல்லூரியில் பட்டம் வாங்கி சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. தலைப்பிரசவம் என்பதால் வீட்டார் அவர்களுடைய உம்மா வீட்டில் இருந்தார்கள். வலி எடுத்துவிட்டது என்று தகவல் வந்து நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. ஆனால் இரத்தப்போக்கு நிற்கவில்லை. நர்ஸ் வெளியே வந்து, "உங்க மனைவி என்ன இரத்த வகை? உடனே ஆள் வேணும்" என்றார். நான் விழித்தேன். நிஃபாஸ் இரத்தத்தின் சட்டங்களைக் கிதாபில் பக்கம் பக்கமாக ஓதியவன் நான். அதன் நாட்கணக்கும் நிறமும் எல்லாம் மனப்பாடம். ஆனால் என் வீட்டாரின் இரத்த வகை எனக்குத் தெரியாது.

சோதித்துப் பார்த்தால் ஓ நெகட்டிவ். எளிதில் கிடைக்காத வகை. அங்கே இருந்த ஒரு ஆயாம்மா யாருக்கோ போன் போட்டார். முக்கால் மணி நேரத்தில் ஒருவர் வந்தார். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், மாற்று மதச் சகோதரர். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இரத்தம் கொடுத்தார். நான் பணத்தை நீட்டியதும் தட்டிவிட்டு, "ஒரு டீ வாங்கிக் குடுங்க சாமி, போதும்" என்றார். அல்லாஹ் அவருக்கு நல்லருள் புரிவானாக. இன்று என் வீட்டில் உம்மாவும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்றால், அல்லாஹ்வின் நாட்டத்துக்குப் பிறகு அந்த மனிதர்தான் காரணம்.

அந்த இரவில் நான் துஆ செய்யாமல் இல்லை. நிறைய துஆ செய்தேன். ஏற்பாடு மட்டும் எதுவும் செய்திருக்கவில்லை.

மரத்தடியில் நடந்தது என்ன?

பிரசவத்தைப் பற்றி அல்லாஹுத் தஆலா குர்ஆனில் பேசுகிற இடங்களில் மிக விரிவானது சூரா மர்யம். நாம் வழக்கமாக அதை ஈஸா (அலை) அவர்களின் அற்புதப் பிறப்பைச் சொல்லும்போது ஓதுவோம். அந்த ஐந்தாறு ஆயத்துகளைப் பிரசவ வலியில் இருக்கிற ஒரு பெண்ணின் கண்ணால் ஒரு தடவை ஓதிப் பாருங்கள்.

வலி மர்யம் (அலை) அவர்களை ஒரு பேரீச்சை மரத்தின் அடிப்பகுதிக்கு விரட்டிக்கொண்டு போகிறது. துணைக்கு ஆள் இல்லை. அப்போது அவர்கள், இதற்கு முன்பே நான் இறந்து போயிருக்கக் கூடாதா, அடியோடு மறக்கப்பட்டவளாக ஆகியிருக்கக் கூடாதா என்று சொல்கிறார்கள். உலகப் பெண்களில் சிறந்தவர்களில் ஒருவர், அல்லாஹ்வே தேர்ந்தெடுத்த பெண், சாவை விரும்பிச் சொல்கிறார்கள். மக்கள் பழி சொல்வார்களே என்ற பயமும் அதில் இருந்தது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

அதற்கு என்ன பதில் வந்தது? "நீ இப்படிப் பேசலாமா, உன் ஈமான் எங்கே போனது" என்று ஒரு வார்த்தை இல்லை. முதலில் வந்தது, கவலைப்படாதே என்ற ஆறுதல். அடுத்து, உனக்குக் கீழே ஓடை இருக்கிறது என்ற செய்தி, அதாவது தண்ணீர். அடுத்து, மரத்தை உலுக்கினால் புதுப்பழம் விழும் என்ற உணவு. பிறகு, உண்ணு, பருகு, கண் குளிர இரு என்ற சொல். கடைசியில், மனிதர் யாரையாவது கண்டால் இன்று பேசமாட்டேன் என்று நேர்ச்சை வைத்திருப்பதாகத் தெரிவித்துவிடு என்ற ஏற்பாடு. வந்து நின்று கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் பாரத்தைப் பிள்ளை பெற்ற அந்த உடம்பிலிருந்து அல்லாஹ் இறக்கி வைத்துவிட்டான்.

இன்னொன்றையும் நம் ஆலிம்கள் சொல்லிக் காட்டுவார்கள். பழத்தை நேராக மடியில் போட அல்லாஹ்வுக்கு முடியாதா? இருந்தும் மரத்தை உலுக்கச் சொன்னான். வலியில் இருக்கிற பெண் உலுக்கி ஒரு பேரீச்சை மரம் அசையுமா? அசையாது. முயற்சி அவர்களுடையது, பழம் அல்லாஹ்வுடையது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ். தொழிலுக்கும் பயணத்துக்கும் அதைச் சொல்கிற நாம் பிரசவத்துக்குச் சொல்வதில்லை.

மலையைத் தாண்டி நடந்த ஒரு மரணம்

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். 2025 ஏப்ரல் மாதம் அங்கே மலப்புறம் மாவட்டத்தில், நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி ஐந்தாவது பிரசவத்தில் வீட்டிலேயே இறந்து போனார். மருத்துவமனைக்கு அழைத்துப் போகவில்லை. பிள்ளை பிறந்தது, இரத்தப்போக்கு ஏற்பட்டது, உயிர் போனது. கணவர் கைது செய்யப்பட்டார். அதற்கு முன் 2018 ஜூலையில் நம் தமிழ்நாட்டிலேயே திருப்பூரில், இணையத்தில் வீடியோ பார்த்து வீட்டுப் பிரசவம் செய்ய முயன்று ஒரு ஆசிரியை இறந்தார். அவர்கள் மாற்று மதத்தினர். ஆகவே இது ஒரு மதத்தாரின் நோய் என்று யாரும் விரல் நீட்ட வேண்டாம். ஆனால் நம்மில் சிலர் இதற்கு மார்க்கத்தின் சட்டையைப் போட்டு விடுகிறார்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

"மர்யம் அம்மையார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அங்கே அல்லாஹ்வே ஏற்பாடு செய்தான், மலக்கு வந்து பேசினார் என்று சொன்னேன். உங்கள் வீட்டில் அந்த ஏற்பாட்டைச் செய்யும் பொறுப்பை அல்லாஹ் உங்கள் தலையில் வைத்திருக்கிறான்.

பிரசவத்தில் இறக்கும் பெண் ஷஹீதுடைய அந்தஸ்தைப் பெறுகிறாள் என்று ஹதீஸ் இருக்கிறது. அபூதாவூதில் வருகிறது. சத்தியமான வார்த்தை, பெண்ணைப் பறிகொடுத்த வீட்டுக்கு மருந்து போன்ற வார்த்தை. ஆனால் அதே ஹதீஸில் நீரில் மூழ்கி இறந்தவரும், தீயில் கருகியவரும், இடிபாட்டில் சிக்கியவரும் ஷஹீத் என்று வருகிறது. அதற்காகக் கிணற்றுக்குச் சுவர் வைக்காமல் விடுகிறோமா? இடிகிற சுவருக்குக் கீழே யாராவது கட்டில் போடுகிறோமா? அந்த அந்தஸ்து அல்லாஹ் அவளுக்குத் தருவது. அலட்சியமாக இருந்த கணவனுக்கு அது பாதுகாப்புச் சீட்டு ஆகாது. அவன் தன் பொறுப்புக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்குதான் உலகம் முழுவதும் தாய்மார்களின் உயிரை அதிகம் பறிக்கிறது. அது எந்தப் பெண்ணுக்கு வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய ஆபத்து. உடம்பில் முன்பே இரத்தம் குறைவாக இருந்தால் கொஞ்சம் போனாலும் தாங்காது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை என்று வந்தது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக்கூடாது. சத்து மாத்திரை கொடுத்தால் வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அதை டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிடலாம். கணவன்மார்களே, மாத்திரை அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அது உளவு பார்ப்பது ஆகாது.

மனைவியின் இரத்த வகை உங்கள் போனில் இருக்கட்டும். அதே வகை உள்ள இருவரின் எண்ணும் இருக்கட்டும். அவர் நெகட்டிவ் வகை, பிள்ளை பாசிட்டிவ் என்றால், பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி போட வேண்டும். அடுத்த பிள்ளையைக் காப்பதற்கான ஊசி அது. மருத்துவரிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

நம் ஆலங்குளத்துக்குக் கிழக்கே நெல்லை, மேற்கே தென்காசி. தாலுகா மருத்துவமனையில் பார்க்க முடியாத நிலை என்றால் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் அனுப்புவார்கள். குற்றால சீசனில் சனி, ஞாயிறு தென்காசிச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "வலி வரட்டும், பார்த்துக்கலாம்" என்று இருக்க வேண்டாம். எந்த மருத்துவமனை, இரவில் எந்த வண்டி, யார் கூட வருவது, மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடியுங்கள். 108 வண்டி இலவசம். பிரசவமாகித் தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி இருக்கிறது. இரத்தம் பட்டால், பனிக்குடம் உடைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், வலிப்பு வந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், மாமி வரட்டும் என்றோ விடியட்டும் என்றோ காத்திருக்கக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு விஷயம். அறுவைசிகிச்சை என்றதும் துபாய்க்கும் ரியாத்துக்கும் போன் போட்டு, லைன் கிடைக்கும் வரை குடும்பமே கைகட்டி நிற்கிறது. வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவளுடைய சம்மதமே சட்டப்படி போதுமானது. "டாக்டர் சொன்னால் கையெழுத்துப் போடு, எனக்காகக் காத்திருக்காதே" என்று இப்போதே சொல்லி வையுங்கள். உங்கள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால்தான் உங்கள் உம்மாவும் தைரியமாக நிற்பார்கள்.

பெண் மருத்துவர் கிடைத்தால் அதுதான் முதல். அதற்காக முன்பே விசாரித்து வையுங்கள். ஆபத்து நேரத்தில் ஆண் மருத்துவர்தான் இருக்கிறார் என்றால், நிர்ப்பந்தம் வந்தால் தடை தளரும் என்ற சட்ட விதியை நம் இமாம்கள் இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் வகுத்து வைத்தார்கள். லேடி டாக்டர் வரட்டும் என்று உயிரைப் பணயம் வைப்பதைப் பேணுதல் என்று சொல்ல முடியாது.

தலைப்பிரசவச் செலவு யாருடையது?

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் பெண் வீட்டார் செலவு. ஏழாம் மாதம் அழைத்துப் போவதில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி பில், மருந்து, தொட்டில், பிள்ளைக்கு அரைஞாண், வந்து பார்க்கிற மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிரியாணி வரை. பீடி சுற்றிப் பிள்ளையை வளர்த்த ஒரு தாய், நிக்காஹ் கடன் அடைவதற்குள் இந்தக் கடனை வாங்குகிறாள். மகளுக்குச் சிசேரியன் என்றதும் மகளின் உயிரை நினைத்து அழுவதா, பில்லை நினைத்து அழுவதா என்று தெரியாமல் நிற்கிற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

சூரா பகராவின் 233ஆம் ஆயத்தில் பால் கொடுக்கும் தாய்மார்களின் உணவும் உடையும் தகப்பனின் பொறுப்பு என்கிறான் அல்லாஹ். அங்கே தகப்பனைக் குறிக்க வழக்கமான 'வாலித்' என்ற சொல்லைப் போடவில்லை. 'மவ்லூது லஹு' என்கிறான். பிள்ளை யாருக்காகப் பெறப்பட்டதோ அவன் என்று பொருள். பிள்ளைக்கு உங்கள் வம்சப் பெயர் வேண்டும், பெற்றெடுக்கிற செலவு மட்டும் மாமனாருக்கா? மருத்துவச்சியின் கூலி யார் மீது என்பதில் ஃபிக்ஹு கிதாபுகளில் கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் பெண்ணின் தகப்பன் மீது கடமை என்று எந்த மத்ஹபிலும் நான் ஓதியதில்லை. அவர் மனமுவந்து செய்தால் அன்பளிப்பு. கேட்டு வாங்கினாலும், முகத்தைத் தூக்கிவைத்து வாங்கினாலும் அதற்கு வேறு பெயர்.

தாய் வீட்டுக்கு அனுப்புவது தவறு என்று சொல்லவில்லை. பெண்ணுக்குத் தாய் மடியைப் போல் வேறு இடம் உண்டா? அனுப்புங்கள். பணத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பால் மறந்த பிள்ளைகளுக்குத்தான் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை. ஒரு இரவு மதீனாவுக்கு வந்த வணிகக் கூட்டத்துக்குக் காவலாக அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இருந்தபோது, ஒரு பிள்ளை விடாமல் அழுதது. தாயிடம் இரண்டு மூன்று தடவை போய்ச் சொன்னார்கள். கடைசியில் அந்தப் பெண், வந்திருப்பவர் யார் என்று அறியாமல், பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் தொகை தருகிறார், அதனால் சீக்கிரம் மறக்கடிக்கிறேன் என்றாள். அன்று ஃபஜ்ரில் அழுகையினால் அவர்கள் ஓதியது மக்களுக்குச் சரியாக விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்காதீர்கள், இனி பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொகை உண்டு என்று அறிவிப்புச் செய்தார்கள். இப்னு ஸஅத் அவர்களின் தபகாத்தில் இச்சம்பவம் இருக்கிறது.

இன்று தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987 முதல் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. முதல் இரண்டு பிரசவங்களுக்குத் தலா 18,000 ரூபாய், அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். கருவுற்ற 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள். அரசு மருத்துவமனையில் சாதாரணப் பிரசவமும் சிசேரியனும் இலவசம். மருந்து, இரத்தம், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். வட்டிக்கு வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

பீடி சுற்றும் சகோதரிகளுக்கு

கால் நீட்டி உட்கார்ந்து மடியில் சுளகை வைத்துச் சுற்றுகிறீர்கள். வயிறு பெரிதாகப் பெரிதாகச் சுளகு முழங்கால் பக்கம் நகர்கிறது, வேலை மட்டும் நிற்பதில்லை. புகையிலைத் தூள் மூச்சிலும் கைத்தோலிலும் உடம்புக்குள் போகும். வயிற்றுப் பிள்ளைக்கு நல்லதல்ல என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காசில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும். கணவன்மார்களிடம் கேட்கிறேன், அந்த ஏழெட்டு மாதம் அவருடைய கணக்கை நீங்கள் ஈடுகட்ட முடியாதா? முடியவே முடியாது என்றால், காற்றோட்டமான திண்ணையில் உட்காரட்டும், தூள் தட்டும் வேலையை வேறொருவர் செய்யட்டும். பிள்ளையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

சீம்பாலும் கழுதைப் பாலும்

பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகிற பழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்தே அதுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வருடம். இரண்டு முழு வருடம் என்ற எண்ணிக்கை குர்ஆனிலேயே இருக்கிறது. அதே ஆயத்தில், முன்கூட்டியே பால் மறக்கடிப்பதாக இருந்தால் கணவனும் மனைவியும் மனமொத்து, கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்றும் வருகிறது. ஒரு சிசுவின் பால் விஷயத்தில்கூடத் தாயின் ஆலோசனை இல்லாமல் முடிவு கூடாது!

தஹ்னீக் ஸுன்னத். அஸ்மா (ரலி) அவர்கள் நிறைமாதத்தோடு ஹிஜ்ரத் வந்து குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றபோது, நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தால் தஹ்னீக் செய்தது புகாரியில் இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் நடப்பது வேறு. வருகிற போகிற எல்லாரும் விரலில் தேனைத் தொட்டு நாக்கில் வைக்கிறார்கள். ஒரு வயது வரை பிள்ளைக்குத் தேன் கூடாது. அதிலிருக்கும் ஒரு கிருமி சிசுவின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கலாம். சுத்தமான கையால் மசித்த பழத்தை ஒரு துளி அண்ணத்தில் தடவினால் ஸுன்னத் நிறைவேறிவிடும். குறைமாதப் பிள்ளையாக இருந்தாலோ, கண்ணாடிப் பெட்டியில் இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம்.

"கழுதைப் பாலே..." என்று தெருவில் கூவி வருகிறார்களே, அந்தப் பாலைச் சங்கில் வாங்கிப் பிள்ளைக்குப் புகட்டுகிற வீடுகள் நம் மஹல்லாக்களிலும் இருக்கின்றன. சீர் தட்டாது என்று நம்பிக்கை. நாட்டுக் கழுதையின் இறைச்சியை நபி (ஸல்) அவர்கள் கைபர் போரின்போது தடை செய்தார்கள். பாலுக்கும் அதே சட்டம்தான் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. காய்ச்சாத பால் பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு ஆபத்து. ஹலாலும் இல்லை, மருந்தும் இல்லை. எதற்கு அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

நாற்பது நாள்

"பிள்ளை பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு தொங்கும்" என்று தாகத்தில் தவிக்க விடுகிற வீடுகள் இன்றும் உண்டு. மீன் கூடாது, பழம் கூடாது, கீரை கூடாது. அல்லாஹ் மர்யம் (அலை) அவர்களுக்கு முதலில் காட்டியதே தண்ணீரைத்தான், பிறகு பழத்தை. பால் சுரக்கத் தண்ணீர் வேண்டாமா? காயமும் லேகியமும் கொடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? வயிறாரச் சோறும் தண்ணீரும் கொடுங்கள்.

தனிப் பாய், தனித் தட்டு, தொட்டால் தீட்டு என்பது நம்முடைய மார்க்கத்தில் இல்லை. மாதவிடாய் நேரத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துக் குடித்த அதே இடத்தில் நபி (ஸல்) அவர்கள் வாய் வைத்துக் குடித்தார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. நிஃபாஸும் அப்படித்தான். தொழுகை, நோன்பு, தாம்பத்தியம் போன்ற குறிப்பிட்ட சில விஷயங்கள்தான் தடை. அவள் தொட்ட சோறு சுத்தம், அவளும் சுத்தம்.

சட்டத்தில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஹனஃபி மத்ஹபில் நிஃபாஸின் அதிகபட்சம் 40 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். குறைந்தபட்ச அளவு என்று எதுவும் இல்லை. இருபதாம் நாளில் இரத்தம் முழுமையாக நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டும். "நாற்பது கழிக்கட்டும்" என்று இருப்பதால் எத்தனையோ தொழுகைகள் தவறிப் போகின்றன. பிரசவம் ஆகும் முன் வலி மட்டும் இருக்கும் நேரத்தில் தொழுகை கடமைதான். உட்கார்ந்தோ, படுத்து சைகையாலோ தொழலாம். அதற்கும் இயலாமல், மயக்கத்திலோ அறுவை மேஜையிலோ நேரம் போய்விட்டால் பிறகு களாச் செய்துகொள்ளலாம். அல்லாஹ் மன்னிக்கிறவன். சிசேரியன் ஆனாலும் வழக்கமான பாதையில் வரும் இரத்தம் நிஃபாஸ்தான். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ரமலான் நோன்பில் சலுகை இருக்கிறது. "நான் எல்லாம் பத்துப் பிள்ளைக்கும் நோன்பு வைத்தேன்" என்று மாமிமார்கள் மருமகளிடம் பெருமை பேச வேண்டாம்.

இனி, இந்த உரையில் நான் மிகவும் சொல்ல விரும்பியது. பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் பெண் காரணமில்லாமல் அழுவாள். உடம்பில் ஏற்படும் மாற்றம் அது. இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் தூக்கமில்லை, பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று சொன்னால் அது நோய். மருத்துவரிடம் போக வேண்டிய நோய், குணமாகிற நோய். நம் வீட்டில் என்ன சொல்கிறோம்? "பிள்ளை இல்லாம எத்தனை பேர் ஏங்குறாங்க, உனக்கு ஷுக்ரு இல்லையா?" தாயத்து கட்டுகிறோம், ஜின் என்கிறோம். ஓதிப் பார்க்க என்னிடம் அழைத்து வந்த ஒரு பெண்ணிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்கினீங்க?" அந்தப் பிள்ளை பதில் சொல்லாமல் அழுதது. ஓதி ஊதிவிட்டு, மனநல மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனை எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். மரத்தடியில் சாவை விரும்பிச் சொன்ன பெண்ணை அல்லாஹ் திட்டவில்லை. உங்கள் மருமகளைத் திட்ட உங்களுக்கு உரிமை யார் கொடுத்தது?

பிள்ளை அழும் சத்தம் கேட்டால் தாயின் மனம் படும் பாட்டை நினைத்து, நீட்டித் தொழவைக்க எண்ணிய தொழுகையையே நபி (ஸல்) அவர்கள் சுருக்கினார்கள். நாமோ நள்ளிரவில் பிள்ளை அழுதால் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறோம். ஈரத்துணியை மாற்றுங்கள், ஏப்பம் வரும்வரை பிள்ளையைத் தோளில் போட்டு நடங்கள், பிள்ளையின் உம்மா இரண்டு மணி நேரம் தூங்கட்டும். கூட்டம் கூட்டமாகப் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே அன்பாகச் சொல்லி அனுப்புங்கள். "பெண் பிள்ளையா?" என்று இழுக்கிறவரை இன்னும் சீக்கிரமாக அனுப்புங்கள்.

பாங்கு சொல்வது, பெயர் வைப்பது, அகீகா இவற்றையெல்லாம் நம் மக்கள் தவறவிடுவதில்லை. அதனால் இங்கே விரித்துச் சொல்லவில்லை.

ஆலங்குளம் சகோதரர்களுக்கு ஒரு அறிவிப்பு. பள்ளியில் செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே உள்ள அலமாரியில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், இரத்த வகை, போன் எண், கடைசியாக இரத்தம் கொடுத்த தேதி என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறது. 18 வயது முடிந்து, 45 கிலோ எடைக்குக் குறையாமல், ஆரோக்கியமாக இருக்கிற ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். இரத்த வகை தெரியாதவர்கள் சோதித்துவிட்டு வந்து எழுதுங்கள். வெளியூரில் இதை வாசிக்கிறவர்கள் உங்கள் மஹல்லாவில் இப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று இமாமிடம் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கள். எங்கள் நோட்டில் முதல் வரி என்னுடையது, பி பாசிட்டிவ். இரண்டாவது வரியில், ஓதிக் கேட்டு வந்த அந்த இளைஞரின் பெயர் இருக்கிறது.